ஒரு தகடு கற்பிக்கும் பொறுமை

(ஜமாஅத் கல்விப் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விமானத்தில் பயணம் செய்தவர் இல்லாத குடும்பம் நம் மஹல்லாவில் இன்று அரிது. அவ்விமானத்தின் எஞ்சினுக்குள், எரிந்த வாயு பாய்ந்து சுழற்றும் டர்பைன் தகடுகள் உள்ளன. கையளவே உள்ள அத்தகட்டைச் சுழற்சி பல டன் விசையுடன் வெளிநோக்கி இழுக்கிறது. அதைச் சூழ்ந்து பாயும் வாயுவின் வெப்பமோ, அவ்வுலோகமே உருகிவிடும் அளவினும் மிகுதி. எனினும் அது ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கிறது. இது எவ்வாறு இயன்றது?

இத்தகடுகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. நகைப் பட்டறைகளில் மோதிரம் வார்க்கவும் இம்முறை பயன்படுகிறது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் பீங்கான் குழம்பை அடுக்கடுக்காகப் பூசி உலர்த்தி, மெழுகை உருக்கி வெளியேற்றியபின், அவ்வச்சில் நிக்கல் கலவையை உருக்கி ஊற்றுவர். தகட்டினுள் குளிர்காற்றுச் செல்லும் நுண்வழிகளுக்காக உள்ளே பீங்கான் கரு ஒன்றை வைத்து, பின்னர் அதனைக் காரத்தில் கரைத்து எடுத்துவிடுவர்.

குறை எங்கிருந்தது? உலோகம் பல படிகங்களாக உறைகிறது. படிகத்தோடு படிகம் சேரும் எல்லையே கடும் வெப்பத்தில் முதலில் விரிசல் காணும் இடம். 1960களில் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தில் பிரான்சிஸ் வெர்ஸ்னைடர் குழுவினர், அச்சின் அடியைக் குளிர்வித்து, உலோகம் கீழிருந்து மேலாக உறையுமாறு செய்தனர். குறுக்கே ஓடிய எல்லைகள் மறைந்தன. அடுத்து, அச்சின் அடியில் சுருள்வழி ஒன்றை அமைத்தனர். பல படிகங்கள் அதனுள் நுழையும். ஒன்றே மேலே வரும். தகடு முழுவதும் ஒற்றைப் படிகமாயிற்று.

வழி தெரிந்துவிட்டது; ஆயினும் உடனே விமானத்தில் பொருத்தவில்லை. செலவு மிகுதி, கழிவு மிகுதி, பழைய கலவையையே வார்த்ததால் பயனோ குறைவு. 1970களின் தொடக்கத்தில் ஆர்வமே தளர்ந்தது. பின்னரே ஓர் உண்மை பயன்பட்டது. படிக எல்லைகளை வலுப்படுத்தச் சேர்த்த கார்பன், போரான், சிர்கோனியம் ஆகியவை, எல்லையே இல்லாத தகட்டுக்குத் தேவையில்லை. மேலும், கலவை உருகத் தொடங்கும் வெப்பநிலையைத் தாழ்த்தியவையும் அவையே. அவற்றை நீக்கிப் புதிய கலவை படைத்தனர். 1982இல் போயிங் 767 விமானத்தின் எஞ்சினில் ஒற்றைப் படிகத் தகடுகள் பயணிகள் சேவைக்கு வந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள்!

நம் நாட்டில், ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் உருவாக்கிய இத்தகைய 60 தகடுகள், ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டதாக 2021இல் அறிவிக்கப்பட்டது.

மாணவர்களே! வார்த்த தகடுகளை எக்ஸ்ரே கதிரால் சோதித்து, குறையுடையதை ஒதுக்குபவர் இருக்கிறாரே, அவருடைய நேர்மையை நம்பியே நாம் விமானத்தில் கண்ணயர்கிறோம். அவர் பெயர் எவருக்கும் தெரியாது. பெற்றோர்களே! வார்ப்படம், உலோகவியல் ஆகியவற்றைக் கரி படிந்த படிப்பென்று ஒதுக்காதீர்கள். விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.