‘வேலை நிப்பாட்டிட்டாங்க’ என்றால் கேஸ் முடிந்ததா?

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: “ஐயா, ஒரு பொலிஸ்காரர வேலை நிப்பாட்டிட்டதா ரேடியோவுல சொன்னாங்க. அப்ப கேஸ் முடிஞ்சிருச்சுதானே?” அந்த நேரம் எல்லாருடைய கண்ணும் தராசு முள்ளில் இருந்தது. அதனால் இன்றைக்குப் பதில் சொல்றேன்.

கேஸ் முடியவில்லை. அப்போதுதான் ஆரம்பம். நம்ம தோட்டத்திலேயே ஒருவர் மேல் குற்றச்சாட்டு வந்தால், விசாரணை முடியும் வரை துரை அவரை வேலைக்கு எடுக்காமல் நிறுத்தி வைப்பார். செக்ரோலில் பேர் வெட்டுப்படாது. குற்றம் இல்லையென்றால் மறுபடியும் பிரட்டுக்கு வருவார். பொலிஸிலும் பணி இடைநிறுத்தம் அப்படித்தான். விசாரிக்கப்படுகிற உத்தியோகத்தர் சீருடையோடு சாட்சிக்காரர் முன்னால் போய் நிற்கக் கூடாது, நிலையத்துப் பதிவுப் புத்தகத்தில் கை வைக்கக் கூடாது. அதற்காகத்தான் நிறுத்தி வைக்கிறார்கள். அவர் குற்றவாளி என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

யாழ்ப்பாணத்தில் நடந்த ஒன்றைச் சொல்றேன். 2015 மே 13ஆம் திகதி புங்குடுதீவில், பள்ளிக்கூடம் போன ஒரு மாணவியைக் கடத்திக் கொடுமைப்படுத்திக் கொன்றார்கள். சந்தேகநபர் ஒருவரை ஊர்ச்சனமே பிடித்துக் கட்டி வைத்துப் பொலிஸில் ஒப்படைத்தது. பிறகு பார்த்தால் அந்த ஆள் கொழும்பு வெள்ளவத்தையில் பிடிபடுகிறார்! ஒப்படைத்தவர் எப்படி அங்கே போனார்? இந்தக் கேள்வி, அப்போது வடக்கில் உயர் பதவியில் இருந்த லலித் ஜயசிங்க என்ற அதிகாரி மேலும், ஓர் உப பொலிஸ் பரிசோதகர் மேலும் விழுந்தது.

லலித் ஜயசிங்கவை சீ.ஐ.டி. கைது செய்தது 2017 ஜூலையில். அப்போது அவர் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர். பணி இடைநிறுத்தமும் அதற்குப் பிறகுதான். நடுவில் இரண்டு வருஷம் அவர் உத்தியோகத்திலேயே இருந்தார். எனக்கு இதில் உறுத்துவது அந்த இரண்டு வருஷம்தான். ஒரு கொழுந்து மூட்டை குறைந்தால் நம்ம ஆளை மறுநாளே நிறுத்துகிறார்கள்.

கொலை வழக்கில் 2017 செப்ரெம்பர் 27ஆம் திகதி தீர்ப்பு வந்தது. 7 பேருக்கு மரண தண்டனை, 2 பேர் விடுதலை. அதிகாரி மேலான வழக்கு தனியாக, மெதுவாக நடந்தது. 2025 பெப்ரவரியில் வவுனியா மேல் நீதிமன்றம் அவருக்கு 4 ஆண்டு கடூழியச் சிறை விதித்தது. இடைநிறுத்தத்திலிருந்து தீர்ப்பு வரைக்கும் ஏழரை வருஷம். பிடித்துக் கொடுத்த சனம் பட்டாசு கொளுத்திவிட்டுப் போயிருந்தால் அந்த வழக்கு என்னவாகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அதே யாழ்ப்பாணத்தில் 2016 ஒக்டோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் வந்த பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்தது. பொலிஸார் 5 பேர் கைதாகி, பணியும் இடைநிறுத்தப்பட்டது. அந்த டாக்டர் கண்டதை எழுதாமல் விட்டிருந்தால் அது விபத்தாகவே போயிருக்கும்.

இப்போது என் குறையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முந்தி நம்ம டிவிஷன் பையன் ஒருவனைப் பொலிஸ் நிலையத்தில் வைத்து அடித்துவிட்டார்கள். எந்த நிலையம் என்று நான் சொல்லப்போவதில்லை. அடித்தவரைப் பணியில் இருந்து நிறுத்தினார்கள். லயமெல்லாம் சந்தோஷம். பிறகு வாக்குமூலம் கொடுக்க மூன்று பேருக்குக் கடிதம் வந்தது. நாள் பேரு போகும் என்று ஒருவரும் போகவில்லை. கடிதம் என் மேசை வழியாகத்தான் போனது. “போய்ட்டு வாங்க, நான் துரையிட்ட பேசுறேன்” என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சாட்சி இல்லாமல் விசாரணை முடிந்தது. அவர் திரும்ப வேலைக்கு வந்தார். பையனின் அம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் பேச மாட்டார்.

பொலிஸ் அடித்தால் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படிக் காயம் வந்தது என்பதைச் சொல்லி எழுத வையுங்கள். டிஸ்பென்சரி மருந்தோடு விட்டுவிடாதீர்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. சாட்சிக்காரரை யாராவது மிரட்டினால் அதுவும் குற்றம். அதற்கென்று 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதைப் புதுப்பித்தார்கள்.

வாக்குமூலத்துக்கோ கோர்ட்டுக்கோ கடிதம் வந்தால் அன்றைக்கே என்னிடம் கொண்டு வாருங்கள். லீவு விஷயத்தைத் துரையிடம் நான் பேசுகிறேன். சிங்களத்தில் இருந்தால் வாசித்துச் சொல்கிறேன். பஸ் காசு இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.