கருவறையில் தொடங்கும் கல்வி
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



பள்ளியில் சேரும் ஐந்து வயதுப் பிள்ளையைக் கண்டு, "இவன் பிறவியிலேயே மந்தம்" என்போர் இன்றும் உளர். நம் பிள்ளைகளைக் குறித்து இப்பழி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. பிறவிக்கு முந்தைய பத்து மாதங்களில் அத்தாய்க்குக் கிடைத்த உணவு என்ன, மருத்துவம் என்ன என்று அவர்கள் கேட்டதில்லை. நாம் கேட்க வேண்டும்.

அம்மாதங்களில் அடிக்கடி 'ஸ்கேன்' எடுத்தால் பிள்ளைக்குப் பின்னாளில் கேடு வரும் என்னும் அச்சம் நம் தெருக்களில் உண்டு. இதனை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. கருவுற்ற தாய்மாரை எக்ஸ்ரே படம் பிடிக்கும் வழக்கம் முன்பு மேல்நாடுகளில் இருந்தது. புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரை விசாரித்தறிந்த ஆக்ஸ்போர்டு மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் அம்மையார், அவ்வழக்கத்தின் அபாயத்தை 1956இல் எடுத்துக்காட்டினார். பல்லாண்டு மறுப்புக்குப் பின்னரே மருத்துவ உலகம் அதனை ஏற்றது.

இன்றைய ஸ்கேன் எக்ஸ்ரே அன்று. செவிக்குக் கேளாத ஒலி அலைகளால் ஆவது. ஆயினும் அதனையும் ஆராய்ந்தே பார்த்தனர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1989 முதல் 2,800க்கு மேற்பட்ட தாய்மாரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு ஐந்து முறை ஸ்கேன்; மற்றவருக்கு ஒரு முறை, தேவை நேர்ந்தால் மட்டும் மேலும். முதற்பிரிவில் வளர்ச்சி குன்றிப் பிறந்த பிள்ளைகள் சற்று மிகுதி. ஆனால் எட்டு வயது வரை தொடர்ந்து கண்டபோது, உடல் வளர்ச்சியிலும் பேச்சிலும் நடத்தையிலும் இரு பிரிவினரிடையே வேறுபாடு இல்லை என 2004இல் அறிவித்தனர். எனவே மருத்துவர் சொல்லும் அளவில் ஸ்கேன் எடுக்க அஞ்ச வேண்டுவதில்லை. ஆணா பெண்ணா என்று அறிய எடுப்பதோ 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அஞ்ச வேண்டியது, சோதியாமல் விடுவதற்கே. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் கருவுற்ற தாய்க்குச் சோகை. அது முற்றினால் பிள்ளை குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறக்கக்கூடும். மறைந்திருக்கும் சிபிலிஸ் பிள்ளையின் செவியையும் பார்வையையும் பறிக்கலாம். காலத்தில் கண்டால் பெனிசிலின் ஊசி காக்கும். இச்சோதனை எல்லாத் தாய்மார்க்கும் பொது; இதில் வெட்கத்திற்கு இடமில்லை. ஆனால் சோதித்த தாளைப் பெட்டியில் வைத்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரையைப் பரணில் போட்டால் பயன் யாது? 180 நாளும் உண்ண வேண்டும்.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்த அண்ணல் அம்பேத்கர், பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய் பெறும் ஓய்வு நாட்டின் நலனுக்கே என்று வாதாடினார். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று ஆரம்ப சுகாதார நிலையம் செல்லாத தாய்மார் இன்றும் நம்மிடையே உளர். இளைஞர்களே! தெருவுக்கு இருவராகப் பொறுப்பேற்று, கிராம சுகாதாரச் செவிலியரைக் கலந்து, பரிசோதனைக்குத் தவறிய தாய்மாரை அறியுங்கள். கணவன்மார் உடன் செல்லட்டும். அன்றைய கூலியைச் சங்கம் ஈடுசெய்யட்டும். சங்கம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவதைப் போன்றே இதுவும் கல்விப் பணிதான்.