மாத்திரையை நிறுத்தாதீர்; வேதனையை மறைக்காதீர்!

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளில் கதவைச் சாத்திக் கொண்டு மட்டுமே பேசப்படும் ஒன்றை இன்று பேச விழைகின்றோம். மனநோய்க்கு உண்ணும் மாத்திரைகளும் அவற்றின் பக்கவிளைவுகளுமே அது. நாம் மருத்துவர் அல்லர்; தவறு செய்து பாடம் கற்றவர் என்ற முறையிலேயே பேசுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஸஃப்பில் ஓர் இளைஞர் வந்து நிற்பார். தக்பீர் கட்டியது முதல் கால்களை மாற்றி மாற்றி வைப்பார். ஒரு ரக்அத் முடியுமுன் ஸஃப்பை விட்டு விலகி வராந்தாவில் நடக்கத் தொடங்குவார். தொழுகையில் உள்ளச்சம் வேண்டாமா என்று பலர் முன்னிலையில் அவரைக் கண்டித்தோம். ஜின்னின் சேட்டை என்று ஒருவர் சொன்னார், நாமும் மறுக்கவில்லை. வீட்டார் மாத்திரையை நிறுத்திவிட்டனர். மூன்று மாதத்தில் பழைய நோய் இருமடங்காகத் திரும்பியது. உறைபனி விழும் ஜனவரி இரவொன்றில் போர்வையுமின்றி வெளியேறிய அவரை, விடியும் வேளையில் ஏரிக்கரையில்தான் கண்டெடுத்தோம். அல்லாஹ் காப்பாற்றினான்.

அவருடன் மதுரைக்குச் சென்றபோதுதான், கால்கள் நிலைகொள்ளாமல் தவிப்பது அந்த மருந்தின் பக்கவிளைவு என்று மருத்துவர் விளக்கினார். மருந்தின் அளவைக் குறைத்து, துணை மாத்திரை ஒன்றும் எழுதித் தந்தார். சில வாரங்களில் தவிப்பு அடங்கியது. இன்று அவர் ஸஃப்பில் அமைதியாக நிற்கின்றார். அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டுக் கொண்டோம்.

சகோதரர்களே! குளோர்புரோமசின் என்னும் மருந்து 1952-இல் பிரான்சு நாட்டில் மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. ஹாலோபெரிடால் முதலியவை அதன்பின் வந்தன. மூளையில் டோபமின் என்னும் இரசாயனத்தின் வேகத்தை இவை தணிக்கின்றன. காதில் கேட்கும் குரல்களும் வீண் சந்தேகங்களும் இதனால் அடங்குகின்றன. ஆனால் உடலின் அசைவை நடத்துவதிலும் அதே டோபமினுக்குப் பங்குண்டு. அதனால்தான் கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, எச்சில் வழிகிறது, கால்கள் தவிக்கின்றன. தொடங்கிய சில நாட்களிலேயே சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக் கொள்ளும். இதைப் பார்த்துப் பேய் பிடித்துவிட்டது என்று வீட்டார் அலறுவதுண்டு. பேயன்று, உரிய ஊசி போட்டால் விரைவில் சரியாகிவிடும்.

ஓலன்சபின், குளோசபின் போன்ற பிற்கால மருந்துகளில் நடுக்கம் குறைவு. ஆனால் உடல் எடையும் சர்க்கரையும் ஏறலாம். குளோசபின் உண்போர் சிலருக்கு இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறையும் அபாயம் இருப்பதால் தவறாது இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரிஸ்பெரிடோனால் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். வெட்கத்தால் இதை மறைக்காதீர்கள், தாய்மார்களே! பல்லாண்டு உண்டவர்க்கு வாயும் நாக்கும் தாமாக அசையலாம். தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் மனக்குழப்பமும் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காது பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நம் மலைவாழ்வுக்கும் வணக்கத்துக்கும் உரிய சிலவற்றையும் சொல்லிவிடுகின்றோம். குளோர்புரோமசின் உண்பவரின் தோலை வெயில் எளிதில் சுடும். சுமார் 7,000 அடி உயரத்தில் குளிராக இருக்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யலாகாது. ஸஜ்தாவிலிருந்து எழும்போது சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அவர் மெல்ல எழட்டும், முடியாவிட்டால் நாற்காலியில் தொழட்டும். ஃபஜ்ருக்கு விழிக்க முடியாதவரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். இரவு மாத்திரையின் மயக்கமாக இருக்கலாம். ரமளானில் தாமாகவே வேளையை மாற்ற வேண்டாம். முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். நோன்பு வேண்டாம் என்று அவர் தடுத்தால், நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கின்றது.

இத்தனை தொல்லை தரும் மருந்து எதற்கு என்று கேட்கலாம். மருந்தை விட்டு நோயாளியைச் சங்கிலியில் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதை நம் சமுதாயம் கண்ணால் கண்டிருக்கின்றது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கின்றது. பிற்காலத்தில் ஏர்வாடியிலேயே துஆவோடு மருந்தும் கிடைக்க அரசு வழி செய்தது. துஆவும் மருந்தும் பகையல்ல. நோய்க்கு மருந்து செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே தம் தோழர்களை ஏவினார்கள்.

ஆகவே ஜமாஅத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கின்றோம். பக்கவிளைவு கண்டால், எந்த நாளில் என்ன தொல்லை என்று குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். மலையிறங்கி மருத்துவமனை செல்லத் துணையோ பஸ் செலவோ இல்லாத குடும்பத்துக்கு பைத்துல்மாலிலிருந்து உதவ வேண்டும். ஸஃப்பில் நடுங்கும் கையைக் கண்டால் விலகி நிற்காமல் தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள். அவசர ஆலோசனைக்கு அரசின் 14416 என்ற இலவச எண்ணும் உண்டு.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் பூரண ஷிஃபா அருள்வானாக! அவர்களை நோகடித்த நம் பிழைகளையும் பொறுத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.