கதையை எந்த நிமிடத்தில் தொடங்குவது?



எனக்குத் தந்த தலைப்பு ‘தற்காப்பும் சட்டமும்’. தன் உயிரைக் காத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. அதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. கழுத்தில் கத்தி வைத்தவனிடம் கைகட்டி நில் என்று எந்தச் சட்டமும் சொல்லாது, சொல்லவும் கூடாது. என் கேள்வி வேறு. செத்தவன் வந்து வாய் திறக்கப் போவதில்லை. சுட்டவர் தரப்பு மட்டும்தான் பேசும். அப்படியானால் கதையை எந்த நிமிடத்திலிருந்து கேட்பது?

2012 பிப்ரவரி 26. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம், சான்ஃபோர்டு என்ற ஊர். இரவு ஏழு மணி, மழை. டிரேவான் மார்ட்டின், 17 வயதுக் கறுப்பினப் பையன், அப்பாவோடு அந்த ஊருக்கு வந்தவன். கடைக்குப் போய்த் திரும்புகிறான். தலையை ஹூடி மூடியிருக்கிறது, காதில் போன். அவனிடம் என்ன இருந்தது தெரியுமா? ஒரு பாக்கெட் ஸ்கிட்டில்ஸ் மிட்டாய். ஒரு கேன் தர்பூசணிப் பானம். ஆயுதம்? எதுவும் இல்லை.

அந்தக் குடியிருப்பில் காவல் பார்க்கும் தன்னார்வலர் ஜார்ஜ் ஜிம்மர்மன், வயது 28, இடுப்பில் துப்பாக்கி. காரில் இருந்தபடியே போலீசுக்குப் போன் போடுகிறார், சந்தேகப்படும்படி ஒருவன் திரிகிறான் என்று. பிறகு காரை விட்டு இறங்குகிறார். பின்னாலேயே போகிறீர்களா என்று போலீஸ் தரப்பில் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறார். அதற்கு அவசியமில்லை என்கிறார்கள். இதெல்லாம் ஒலிப்பதிவில் இருக்கிறது ஐயா! அடுத்த சில நிமிடங்களில் கைகலப்பு. ஒரே குண்டு. பையனின் மார்பில்.

நியாயத்தை மறைக்க மாட்டேன். ஜிம்மர்மனுக்கு மூக்கில் அடி, பின்தலையில் ரத்தக் காயம். பையன் மேலே ஏறி அடித்தான், உயிர் போய்விடும் என்று பயந்து சுட்டேன் என்பது அவர் தரப்பு. அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் அவருக்காக வாதாட இடம் உண்டு. நான் கேட்பது, அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை யார் கணக்கில் எடுப்பது? இருட்டில் ஒரு முன்பின் தெரியாத ஆள் துரத்தி வந்தால் அந்தப் பையனுக்குப் பயம் வராதா? அவனுக்குத் தற்காப்பு உரிமை இல்லையா? (கைதட்டல்)

45 நாள்! 45 நாள் கழித்துத்தான் வழக்கே போட்டார்கள். அதுவும் ஊர் ஊராக மக்கள் ஹூடி மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகு. எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் டிரேவானைப் போல இருந்திருப்பான் என்று அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவே சொன்ன பிறகு.

போன மாதம் ஒரு கூட்டத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும், “ஜிம்மர்மனைக் கோர்ட்டே விடுதலை செய்துவிட்டது, இனி என்ன பேச்சு” என்று முழங்கினாராம். வழக்கு முடிந்தது, ஒப்புக்கொள்கிறேன். சட்டம் முடிந்ததா? சட்டத்தைக் கேள்வி கேட்பது குடிமகனின் வேலை இல்லையா? பள்ளியில் சஸ்பெண்ட் ஆன பையன்தானே என்றும் அவர் சொன்னாராம். அங்கேயும் இதையே செய்தார்கள். அவன் செல்போனைத் துருவினார்கள், பள்ளிக் குறிப்புகளைத் துருவினார்கள். குண்டு பட்டவனே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டான். சஸ்பெண்ட் ஆன பையனைச் சுடலாம் என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறது? அந்த நண்பர் இந்த மேடைக்கு வரட்டும், பதில் சொல்லட்டும்! (கைதட்டல்)

சரி, வழக்குக்கு வருகிறேன். 2013 ஜூன், ஜூலை. ஆறு பெண்கள் ஜூரியில். சம்பவ இரவில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அவசர உதவி எண் 911-க்குப் போன் செய்கிறார். அந்தப் பதிவில், பின்னணியில், ஒரு அலறல். பிறகு வெடிச் சத்தம். அலறல் நின்றுவிடுகிறது. கோர்ட்டில் போட்டுக் காட்டுகிறார்கள். டிரேவானின் தாய் சிப்ரினா ஃபுல்டன் சொல்கிறார், அது என் மகன் குரல். அதே நாளில் ஜிம்மர்மனின் தாயும் கூண்டில் ஏறிச் சொல்கிறார், அது என் மகன் குரல். இரண்டு தாய், ஒரே அலறல். தாய்மார்களே, எதை நம்புவது, சொல்லுங்கள்?

அந்த வழக்கில் என்னால் மறக்க முடியாதது ஒரு பெண். வயது 19. பெயரை நான் சொல்லப் போவதில்லை. கடைசி நிமிடங்களில் டிரேவானோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான். யாரோ ஒருவன் பின்தொடர்கிறான் என்று அவன் சொன்னதைக் கேட்ட ஒரே காது. ஹைத்தி வழி வந்த குடும்பம். எதிர்த்தரப்பு வக்கீல் மணிக்கணக்கில், இரண்டு நாளாகக் குறுக்கு விசாரணை செய்தார். ஆங்கிலம் புரியவில்லை என்கிறாயா என்று ஒரு கட்டத்தில் கேட்டார். ஆங்கிலம் புரிகிறது, நீங்கள் சொல்வதுதான் புரியவில்லை என்றாள் அவள். (நீண்ட கைதட்டல்) டி.வி.யில் அவள் பேச்சை, உருவத்தை, உடையைக் கிண்டல் செய்தார்கள். கையெழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை என்று சிரித்தார்கள். நம் ஊர்ப் பிள்ளை நகரத்துக் கல்லூரியில் முதல் நாள் எழுந்து நின்று பேசும்போது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அவள் சாட்சியம் ஏற்கும்படி இல்லை என்று ஜூரியில் இருந்த ஒருவரே பிறகு பேட்டியில் சொன்னார். பேச்சு நாகரிகமாக இல்லையென்றால் காதில் விழுந்ததும் பொய்யா?

ஜிம்மர்மன் கூண்டில் ஏறவே இல்லை. அது அவர் உரிமை. ஜூரிக்குச் சட்டம் விளக்கிய நீதிபதி, பின்வாங்கிப் போக வேண்டிய கடமை அவருக்கு இல்லை, நின்ற இடத்தில் நின்று பலத்தைப் பலத்தால் எதிர்கொள்ளலாம் என்று படித்தார். முதலில் வம்பை இழுத்தவருக்கு என்ன விதி என்பதையும் படிக்கச் சொல்லி அரசுத் தரப்பு கேட்டது. நீதிபதி மறுத்தார். கதை தொடங்க வேண்டிய நிமிடம் அங்கேதான் வெட்டுப்பட்டது! தற்காப்பு இல்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் அரசுத் தரப்பே. முதல் வாக்கில் ஜூரி மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தது. பதினாறு மணி நேரத்துக்குப் பின், ஜூலை 13, சனி இரவு, விடுதலை.

இந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானா? அதே புளோரிடா, ஜாக்சன்வில். 2010-ல் ஒரு கறுப்பினத் தாய், அடிக்கிற புருஷனுக்குப் பயந்து துப்பாக்கியால் ஒரு முறை சுடுகிறாள். குண்டு சுவரில். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. நின்ற இடத்தில் நில் என்ற சட்டம் உனக்குப் பொருந்தாது என்றார்கள். ஜூரி பன்னிரண்டே நிமிடத்தில் குற்றவாளி என்றது. தண்டனை? 20 ஆண்டு! இரண்டு வழக்குக்கும் அரசுத் தரப்பின் தலைமை ஒரே அதிகாரி. தற்காப்பை நிரூபிக்கும் சுமையை அந்தத் தாயின் தலையிலேயே ஏற்றிவிட்டார்கள் என்று மேல்முறையீட்டில் கண்டுபிடித்துத் தண்டனையை ரத்து செய்தார்கள். அதற்குள் அவள் எத்தனை இரவு சிறையில் கிடந்தாள்!

தலைவர் சீட்டு அனுப்புகிறார், முடித்துவிடுகிறேன். சிப்ரினா ஃபுல்டன் 2013-லேயே அமெரிக்க செனட் குழு முன் போய் இந்தச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று கேட்டார். 2017-ல் புளோரிடா திருத்தியது. எப்படி? விசாரணைக்கு முன்பே தற்காப்பு என்று விலக்கு கேட்பவர் முன்பு தானே நிரூபிக்க வேண்டும், இப்போது அந்தச் சுமையும் அரசுத் தரப்பின் தலையில். அந்தத் தாய் 2020-ல் மயாமி டேட் மாவட்டத் தேர்தலில் நின்றார், சில நூறு வாக்குகளில் தோற்றார். அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் வழக்கு முடிந்த அடுத்த ஆண்டே, 2014-ல், பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினாள். அவளுக்காக ஒரு முறை கைதட்டுங்கள்.