எந்தத் தெரு என்று கேட்டார்கள்

(செவிலிய மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நான் மேடைப் பேச்சாளர் இல்லை. பிரசவ வார்டில் வேலை பார்க்கிற ஸ்டாஃப் நர்ஸ். பேச்சு முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்ததும் ஆஸ்பத்திரியில் மற்ற பிரிவுகள் அடங்கிவிட்டன. கண்புரை ஆபரேஷனைத் தள்ளிவைக்கலாம். மூட்டு வலிக்காரர் மூன்று மாதம் கழித்து வரலாம். இடுப்பு வலி எடுத்தவளிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அதனால் எங்கள் வார்டு மட்டும் மூடாமலேயே தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சந்தேகத்துக்குரியவர்களுக்குத் தனி வாசல், தனிப் பிரசவ அறை, கவச உடை. மாதாந்திரப் பரிசோதனையைக் குறைத்துவிட்டுப் போனில் விசாரித்தோம். போன் கணவன் கையில் இருக்கிற பெண்ணிடம் என்ன விசாரித்திருப்போம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தாய்க்குத் தொற்று இருந்தாலும் முகக்கவசம் போட்டுப் பால் கொடுக்கலாம், பிள்ளையைப் பிரிக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆரம்ப வாரங்களில் நாங்கள் பிரித்தோம். பயத்தில் செய்த தப்பு அது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கூட வருகிறவரைப் பற்றி. நியூயார்க்கில் 2020 மார்ச்சில் இரண்டு பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் பிரசவத்தின்போது கூட ஆள் இருக்கக் கூடாது என்றன. எதிர்ப்பு கிளம்பியது. ஒரு வாரத்துக்குள் ஆளுநரே தலையிட்டு, ஒருவரை விட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார். எங்கள் வார்டிலும் கூட வந்த அம்மாவை, மாமியாரை வெளியே நிறுத்தினோம். இங்கே எந்த உத்தரவும் வரவில்லை. கூட ஆள் இருப்பது ஆறுதலுக்கு மட்டும் என்று நினைக்கிறவர்கள் பிரசவ வார்டைப் பார்த்ததில்லை. வலியில் கத்துகிற பெண்ணிடம் என்னென்ன வார்த்தைகள் பேசப்படும், அதிலும் காலனியிலிருந்து வந்தவள் என்று தெரிந்தால் அந்த வார்த்தைகள் எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும். கூட இருப்பவள் அதற்குச் சாட்சி. தொற்றைத் தடுக்கிறோம் என்று சொல்லி நாங்கள் சாட்சியை வெளியே அனுப்பிவிட்டோம்.

அடுத்தது வாசலில் கேட்கிற கேள்வி. தொற்றுப் பகுதியா என்று தெரிந்துகொள்ள "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்கச் சொன்னார்கள். மருத்துவக் காரணம் சரிதான். ஆனால் நம் ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. அந்தப் பதிலுக்குப் பிறகு சிலருடைய பை தரையில் வைக்கப்பட்டது, சிலருடைய பை பெஞ்சில் வைக்கப்பட்டது. இதை எந்த வழிகாட்டு நெறியும் சொல்லித்தரவில்லை.

பரிசோதனை முடிவு இல்லை என்பதற்காகப் பிரசவம் உள்ளிட்ட எந்த அவசர சிகிச்சையையும் தாமதப்படுத்தக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே மாதமே தெளிவாகச் சொன்னது. அடுத்த மாதம் நொய்டாவில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் 13 மணி நேரம் அலைந்து, 8 மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளாமல், ஆம்புலன்ஸிலேயே இறந்தார்.

நேபாளத்தைப் பார்ப்போம். அங்கே 9 மருத்துவமனைகளில் ஊரடங்குக்கு முன்னும் ஊரடங்கிலும் நடந்த பிரசவங்களை எண்ணினார்கள். வாரத்துக்குச் சராசரியாக 1,261 என்றிருந்தது 651 ஆகச் சரிந்தது. இறந்து பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 14-லிருந்து 21 ஆனது. பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 13-லிருந்து 40. கை கழுவுகிற பழக்கம் மட்டும் கூடியதாம்! பிரசவத்தின்போது சிசுவின் இதயத்துடிப்பைப் பார்ப்பது குறைந்தது. இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? எண்ணினார்கள், அதுவும் இனக்குழு வாரியாக எண்ணினார்கள். அதனால்தான் மாதேசி போன்ற ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெண்களின் வருகை அதிகமாகக் குறைந்தது என்பதும் வெளியே வந்தது.

பிரிட்டனிலும் அப்படித்தான். கோவிட்டோடு மருத்துவமனையில் சேர்ந்த 427 கர்ப்பிணிகளில் 56 சதவீதம் பேர் கறுப்பின, சிறுபான்மை இனப் பெண்கள் என்று ஓர் ஆய்வு காட்டியது. 2020 ஜூனில் அரசு மருத்துவ சேவை தன் பேறுகாலப் பிரிவுகளுக்கு எழுதியது: இந்தப் பெண்கள் வந்தால் சீக்கிரமே பரிசோதியுங்கள், அட்மிட் செய்யத் தயங்காதீர்கள், ஒவ்வொருவரின் இனத்தையும் பதிவு செய்யுங்கள் என்று. கணக்கு இருந்ததால் சிகிச்சை மாறியது.

நம்மிடம் கணக்கு இல்லையா? தமிழ்நாடு மாதிரி மாநிலங்களில் ஜனனி சுரக்ஷா யோஜனா பணம் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கும்தான். அந்தப் பணத்துக்காகச் சாதியைக் கேட்கிறோம், சான்றிதழ் வாங்கி வைக்கிறோம். பணம் கொடுக்கக் கேட்கிற சாதி, யார் செத்தார்கள், யார் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று பார்க்கிறபோது மட்டும் வேண்டாததாகிவிடுகிறது. "நோய் சாதி பார்ப்பதில்லை" என்பார்கள். நோய் பார்க்காது தோழர், பெஞ்சும் தரையும் பார்க்கும்.

இன்னொன்று. பிள்ளைப்பேறு தீட்டு என்பதால்தான் பேறு பார்க்கிற வேலை இங்கே நாவிதர் வீட்டுப் பெண்களிடமும் வடக்கே தலித் பெண்களிடமும் விடப்பட்டிருந்தது. பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் பேறு பார்க்கிற வேலைக்கு மரியாதை வந்தது. நஞ்சுக்கொடியும் ரத்தத் துணியும் எடுக்கிற வேலை எங்கள் வார்டில் அதே மக்களிடம்தான் இருக்கிறது, ஒப்பந்தக் கூலிக்கு. எங்களுக்குக் கவச உடை வந்த பிறகும் சில நாட்கள் அந்த அக்காவுக்கு வரவில்லை. நான் கேட்டேன். "அவங்க உள்ள ரொம்ப நேரம் இருக்க மாட்டாங்க" என்றார்கள். பிரசவ அறையில் அவரைவிட அதிக நேரம் யாரும் இருந்ததில்லை.

2020-ஆம் ஆண்டுப் பதிவேடுகள் எங்கள் ஸ்டோர் ரூம் அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. பிரசவப் பதிவேடு ஒரு கட்டு, பணம் கொடுத்த பட்டியல் ஒரு கட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவரும் இதுவரை கேட்கவில்லை. உங்கள் மாவட்டத்திலும் இருக்கும். தகவல் உரிமை மனுவில் பெயர் கேட்காதீர்கள், எண்ணிக்கையை மட்டும் பிரிவு வாரியாகக் கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.