பதினோரு பேருக்கு வெளியே நிற்பவன்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



"எதைப் பத்தி வேணும்னாலும் பேசு, ஆனா சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சுடு" என்று சங்கச் செயலாளர் சொல்லியிருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இந்த மாதிரி மேடைகளில் வழக்கமாக ஜெயித்தவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் இன்று அணியின் வாசலில் நிற்கிறவனைப் பற்றிப் பேசப்போகிறேன். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்று நிற்பானே, அவனைப் பற்றி. ஏனென்றால் இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளில் பாதிப் பேராவது அடுத்த இரண்டு மூன்று வருஷம் அந்த வாசலில்தான் நிற்கப்போகிறீர்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது என்றுதான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே உள்ள 30 பெரிய அணிகளும் ஃபுளோரிடா, அரிசோனா ஆகிய இரண்டு மாநிலங்களில் பயிற்சி முகாம் போடுவார்கள். முகாமுக்கு வருகிறவர்கள் ஏராளம். சீசன் தொடங்கும்போது அணியில் இடம் 26 பேருக்குத்தான். நட்சத்திர ஆட்டக்காரர்களின் இடம் முகாமுக்கு முன்பே முடிவாகியிருக்கும். நிஜமான போட்டி எல்லாம் கடைசி ஒன்றிரண்டு இடத்துக்குத்தான். எல்லைப் பக்கம் நின்று பந்து பிடிக்கிற ஒருவன், நன்றாக ஓடுவான், எந்தப் பக்கம் நிறுத்தினாலும் நிற்பான், ஆனால் நட்சத்திரம் கிடையாது. அவனுக்கு அந்த ஆறு வாரம்தான் பரீட்சை. தேறாவிட்டால் கீழ்நிலை அணிக்குப் போய் மறுபடியும் பஸ் பயணம்.

நம் நாட்டிலிருந்தும் இரண்டு பேர் அங்கே போனார்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்துப் பையன்கள். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். 2008-ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் ஆயிரக்கணக்கானவர்களைத் தாண்டி வந்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குச் சில மாதம் முன்புவரை அந்தப் பந்தைக் கையில் தொட்டதே இல்லை! கீழ்நிலைப் போட்டிகளில் ஆடினார்கள். ஆனால் பெரிய அணியில் ஆடும் வாய்ப்பு இருவருக்குமே கிடைக்கவில்லை. ரிங்கு சிங் பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

சரி, பேஸ்பால் நமக்குத் தூரம். கிரிக்கெட்டுக்கு வருவோம். ரஞ்சிக் கோப்பையில் ஆடும் அணிகள் 38. அணிக்கு 11 பேர் என்றால் 418 பேர். இவர்கள் எல்லாம் தெருவில் ஆடுகிறவர்கள் இல்லை, அவரவர் மாநிலத்தின் முதல் பதினோரு பேர். அந்த 418 பேரும் கண் வைத்திருப்பது இந்திய அணியின் 11 இடங்கள் மேல். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் ஒருவன் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து மைதானத்துக்குப் போகிறான் என்றால், அவன் மனசில் என்ன இருக்கிறது என்று நாம் யோசிக்க வேண்டாமா?

நம் பக்கத்து ஆளையே எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். டென்னிஸ் பந்தில் ஆடி வந்தவர். 2015-ன் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிப் போட்டியில் இறங்கினார். இறங்கிய வேகத்தில் பந்து வீசும் முறையில் சந்தேகம் இருக்கிறது என்று புகார் வந்துவிட்டது. கையை எப்படிச் சுழற்றுவது என்பதை முதலிலிருந்து மாற்றிக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலைமை. இருபத்து மூன்று வயதுக்கு மேல் கையெழுத்தை மாற்று என்று சொல்கிற மாதிரி. மாற்றினார். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் யார்க்கராகப் போட்டுத் தள்ளியதில்தான் ஊர் முழுக்கப் பெயர் பரவியது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் அவரைப் பற்றிப் பேசவே மாட்டேன். அடுத்த வருஷம், 2018-ல், ஐதராபாத் அணி எடுத்தது 40 லட்சத்துக்கு. 2018, 2019 இரண்டு சீசனிலும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. இரண்டு வருஷம் பெஞ்சு. நண்பர்களே, என்னைப் பொறுத்தவரை நடராஜனின் வாழ்க்கையில் முக்கியமான காலம் இந்த இரண்டு வருஷம்தான். ஆடாத ஆளுக்குப் பத்திரிகையில் படம் வராது. தினமும் வலைப்பயிற்சியில் பந்து போட்டுவிட்டு, மாலையில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு வருஷத்தில் அவர் சோர்ந்து விட்டிருந்தால், 2020-ல் ஐதராபாத் அணி அவரிடம் பந்தைக் கொடுத்தபோது 16 ஆட்டத்தில் 16 விக்கெட் எங்கிருந்து வந்திருக்கும்?

அதற்கப்புறமும் இந்திய அணியில் நேராக இடம் கிடைத்துவிடவில்லை. ஆஸ்திரேலியப் பயணத்துக்கு நெட் பௌலராகத்தான் போனார். நம் மட்டையாளர்கள் பழகுவதற்குப் பந்து போட்டுக்கொடுக்கிற வேலை. அப்போதுதான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. முகத்தைப் பார்க்க ஊருக்கு வராமல் அங்கிருந்தே விமானம் ஏறினார். வருண் சக்கரவர்த்திக்குக் காயம் என்றதும் இருபது ஓவர் அணியில் பெயர் வந்தது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி கான்பெராவில் முதல் ஒருநாள் ஆட்டம். இரண்டு நாள் கழித்து அதே ஊரில் முதல் இருபது ஓவர் ஆட்டம், 30 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். பிறகு ஷமி, உமேஷ், பும்ரா என்று வரிசையாகக் காயம்பட, 2021 ஜனவரி 15-ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி, இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் ஆட்டக்காரராக. முதல் இன்னிங்ஸில் சதம் அடித்த லபுஷேனையும் சேர்த்து 3 விக்கெட். அதே ஆட்டத்தில் நம் வாஷிங்டன் சுந்தரும் முதல் டெஸ்ட் ஆடினார். 1988-லிருந்து ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்காத அந்த மைதானத்தில் இந்தியா ஜெயித்தது. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன்.

அதோடு நிறுத்தினால் சினிமா. நான் முழுசாகச் சொல்கிறேன். பிறகு முழங்காலில் அறுவை சிகிச்சை. அந்த ஒரு டெஸ்டுக்குப் பிறகு இன்னொரு டெஸ்ட் அவருக்கு அமையவில்லை. ஆனாலும் சொந்த ஊரில் பையன்கள் ஆடுவதற்கு ஒரு மைதானம் அமைத்தார். 2023-ல் திறப்பு விழா நடந்தது.

இன்னொருவர் சென்னைக்காரர், பத்ரிநாத். முதல் தர ஆட்டங்களில் 10,000 ஓட்டங்களுக்கு மேல், சராசரி ஐம்பதுக்கு மேல். வேறொரு காலத்தில் பிறந்திருந்தால் ஐம்பது டெஸ்ட் ஆடியிருப்பார். அவர் காலத்தில் நடு வரிசையில் நின்றவர்கள் யார் யார்? திராவிட், டெண்டுல்கர், லட்சுமண், கங்குலி. எந்த இடத்தைக் கேட்பது? 2010 பிப்ரவரியில் நாகபுரியில் திராவிடும் லட்சுமணும் காயத்தால் இல்லை என்றபோதுதான் கதவு திறந்தது. எதிரே தென்னாப்பிரிக்காவின் ஸ்டெய்ன், அந்த இன்னிங்ஸில் ஏழு விக்கெட் எடுத்த ஸ்டெய்ன். பத்ரிநாத் 56 எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 6, அடுத்த டெஸ்டில் 1. அவ்வளவுதான். இரண்டு டெஸ்டோடு முடிந்தது. 2011-ல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒரே ஒரு சர்வதேச இருபது ஓவர் ஆட்டம். 43 ஓட்டம் எடுத்து ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். அதற்கப்புறம் அந்த வகையில் இன்னொரு ஆட்டம் கிடைக்கவில்லை.

அதே நாகபுரியில் முதல் டெஸ்ட் ஆடவிருந்த இன்னொருவர் ரோஹித் சர்மா. ஆட்டத்தன்று காலையில் உடற்பயிற்சியின்போது கணுக்காலில் அடி. வாய்ப்பு சாஹாவுக்குப் போனது. ரோஹித் அடுத்து டெஸ்டில் இறங்கியது 2013 நவம்பரில். மூன்றே முக்கால் வருஷம்! இறங்கிய ஆட்டத்தில் 177.

மூன்று பேருமே உழைத்தார்கள். மூன்று பேருக்கும் கிடைத்தது வேறு வேறு. "உழைச்சா கட்டாயம் கிடைக்கும்பா" என்று நான் இந்த மேடையில் சொன்னால் அது பொய். உழைக்காமல் நின்றிருந்தால், கிடைத்த அந்த ஒரு நாளும் வீணாகியிருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

நான் அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவன். என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். நெய்வேலிக்காரர்களுக்குப் புதிதில்லை. பாய்லருக்குத் தண்ணீர் தள்ளுகிற ஃபீட் பம்பு, 210 மெகாவாட் யூனிட்டில் பெரும்பாலும் மூன்று இருக்கும். இரண்டு ஓடும். மூன்றாவது ஸ்டாண்ட்பை. வெளியிலிருந்து வருகிறவர் பார்த்தால் சும்மா நிற்கிற மாதிரி தெரியும். ஆனால் அதன் ஆயில் ஓடிக்கொண்டிருக்கும், வால்வு திறந்திருக்கும், உடம்பு சூடாகவே வைக்கப்பட்டிருக்கும். ஏன்? ஓடுகிற பம்பு டிரிப் ஆனால் சில நொடிகளில் இது ஏறியாக வேண்டும். ஜில்லென்று இருக்கிற பம்புக்குள் கொதிக்கிற தண்ணீர் திடீரென்று புகுந்தால் உலோகம் கோணிக்கொள்ளும். ஏறாவிட்டால் டிரம்மில் தண்ணீர் இறங்கி யூனிட்டே நின்றுவிடும். அதனால்தான் ஓடுகிற பம்பை நிறுத்தி, நிற்கிற பம்பை ஓட்டி, முறை மாற்றிக்கொண்டே இருப்போம்.

தம்பி தங்கைகளே, காத்திருப்பது என்றால் இப்படித்தான் காத்திருக்க வேண்டும். சூடு ஆறாமல். நானும் படித்து முடித்து இரண்டு வருஷம் ஒப்பந்த வேலையில் இருந்தேன். மாசா மாசம் கேட் பாஸ் புதுப்பிக்க வேண்டும். அப்போது எனக்கு உதவியது ஒரு பழக்கம். ஷிப்ட் முடிந்ததும் அன்றைக்குப் பார்த்த ஒரு கோளாறை, அது ஏன் வந்தது, எப்படிச் சரி செய்தார்கள் என்று நோட்டில் எழுதி வைப்பேன். பின்னால் நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்விகளுக்கு அந்த நோட்டிலிருந்துதான் பதில் சொன்னேன். நீங்களும் வாரத்துக்கு ஒன்றாவது உங்கள் தொழில் சம்பந்தமாகக் கையால் செய்யுங்கள். இரண்டாவது, வருஷக் கெடு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ரிங்கு சிங் மாதிரி பாதை மாறுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டில் உள்ளவர்களிடமும் அந்தக் கெடுவைச் சொல்லிவிடுங்கள். "எப்பதான் வேலை கிடைக்கும்" என்று அம்மா கேட்பது கோபத்தில் இல்லை, தெரியாததால்.

கடைசியாக என்னோடு படித்தவர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும். நம்மில் பலர் இன்று ஆள் எடுக்கிற நாற்காலியில் இருக்கிறோம். ஸ்டாண்ட்பை பம்பை ஓட்டிப் பார்க்காமலே ஒரு வருஷம் வைத்திருந்தால், அது ஏறவில்லை என்று பம்பைத் திட்டக்கூடாது. உங்களிடம் பயிற்சியாளராக, ஒப்பந்தத்தில் இருக்கிற பையனுக்கோ பெண்ணுக்கோ மாதம் ஒருமுறையாவது பொறுப்பான வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். இடம் இல்லை என்றால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லி ஒருவனுடைய மூன்று வருஷத்தை எடுத்துக்கொள்வது பாவம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். படித்து முடித்து ஒரு வருஷம் ஆகியும் வேலை அமையாதவர்கள் பட்டியல் ஒன்றை வருஷா வருஷம் எடுப்போம். வேலையில் இருக்கும் நாம் ஆளுக்கு ஒருவரை ஏற்றுக்கொண்டு, மாதம் ஒரு தடவை போன் போட்டு, "என்னப்பா படிச்சே, எங்க எழுதிப் போட்டே" என்று கேட்போம். காசு செலவு கிடையாது. முதல் பெயரை என்னிடம் கொடுங்கள், இன்றைக்கே வாங்கிக்கொண்டு போகிறேன்.