சாலை போட்டவரின் ஊரில்

(ஆதரவாளர் ஐக்கியக் கூடுகையில் நமது ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரை)



வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சென்ற வருஷம் போனபோது, ஸ்பெயின் தேசத்திலே மூன்று நாள் நடந்தோம். நடந்தவர்கள் நாங்களும், நீங்கள் ஐயரம்மா என்று அழைக்கும் எங்கள் வீட்டம்மாவும். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்!

செபெதேயுவின் குமாரனாகிய யாக்கோபின் கல்லறை இருப்பதாகச் சொல்லப்படும் சந்தியாகோ நகரத்துக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஜனங்கள் கால்நடையாகப் போகிறார்கள். பிரான்சு எல்லையிலிருந்து வழி ஏறக்குறைய 800 கிலோமீட்டர். 1993ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஸ்பெயினிலுள்ள இவ்வழியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. கல்லறைகளைத் தேடிப் போகிற வழக்கம் நமக்கில்லை. நாங்கள் நடந்ததும் லொக்ரோஞ்ஞோ நகரிலிருந்து 50 கிலோமீட்டர் மாத்திரமே. ஆஸ்பத்திரி ஊழியக்காரர் ஒருவரின் ஊரைப் பார்க்கவேண்டும் என்பதே எங்கள் ஆசை.

அந்தச் சிறு ஊரின் பெயர் சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா. கல்சாதா என்றால் கல் பாவிய சாலை. 1019ஆம் ஆண்டில் அருகிலுள்ள ஒரு கிராமத்தில், எளிய குடும்பத்தில் பிறந்த தொமிங்கோ என்பவர் துறவியாக விரும்பி இரண்டு மடங்களின் கதவைத் தட்டினாராம். படிப்பு ஏறவில்லை என்று இரண்டிலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வரலாறு சொல்லுகிறது. அவர் ஓஹா ஆற்றங்கரைக் காட்டில் தனியே குடியேறினார். யாத்திரிகர்கள் ஆற்றைக் கடக்க முடியாமலும், காட்டில் வழி தப்பியும் படும் பாட்டைக் கண்ணால் கண்டார். காட்டை வெட்டிச் சாலை போட்டார். ஆற்றின்மேல் பாலம் கட்டினார். களைத்தவர்களும் நோயாளிகளும் தங்க ஒரு ஆஸ்பத்திரியும் கட்டினார். 1109ஆம் ஆண்டில் மரிக்கும்வரை இதுவே அவருடைய ஊழியம். ஊர் அவரைச் சுற்றி வளர்ந்தது. இன்றைக்கும் ஸ்பெயினின் சாலைப் பொறியாளர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகிறார்கள். மடத்துக்கு உதவாதவர் என்று தள்ளப்பட்டவர்தான்!

ஊரின் பேராலயத்திலே ஒரு விசித்திரம் உண்டு. சுவரில் உயரமான இடத்திலுள்ள ஒரு கூண்டில் உயிருள்ள வெள்ளைச் சேவலும் கோழியும் இருக்கின்றன. திருட்டுப் பழி சுமத்தித் தூக்கிலிடப்பட்ட ஒரு வாலிப யாத்திரிகன் சாகாமலிருந்தானாம். அதைப் பெற்றோர் அறிவித்தபோது, "உங்கள் மகன் உயிரோடிருந்தால் என் தட்டிலுள்ள இந்தப் பொரித்த கோழிகளும் உயிரோடுதான் இருக்கின்றன" என்று நியாயாதிபதி பரிகசித்தாராம். உடனே அவை எழுந்து கூவினவாம். இது ஐதீகம். நாங்கள் பார்த்தபோது சேவல் கூவவில்லை. ஐயரம்மாவுக்கு அதில் சற்று வருத்தம்.

ஆஸ்பத்திரியைத் தேடினோம். பேராலயத்தின் பக்கத்திலேயே பழைய கட்டடம் நிற்கிறது. ஆனால் இப்போது அது அரசாங்கம் நடத்தும் உயர்தர ஓட்டல். வாசலில் நின்று பார்த்தபோது மனது கனத்தது. நம்முடைய வார்டுகளும் ஒருநாள் இப்படி ஆகுமோ என்று ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமலே இருவரும் நினைத்தோம்.

அன்றிரவு தங்கினது அதே வீதியில், தொமிங்கோவின் பெயரால் நடக்கும் சகோதர சங்கத்தாரின் யாத்திரிகர் விடுதியில். அந்தச் சங்கம் 1106ஆம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்லுகிறார்கள். கட்டடம் கைமாறிவிட்டது, வரவேற்கிறவர்கள் நின்றுவிடவில்லை.

எங்கள் வலது குதிகாலில் பெரிய கொப்புளம். விடுதியில் உதவிசெய்யும் முதியவர் ஒருவர் அதைப் பார்த்தார். பாஷை தெரியாது. ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து முன்னே குனிந்து உட்கார்ந்தார். நாங்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டோம். கூச்சம்! நாற்பது வருஷம் கட்டிலருகே நின்றே பழகியவர்கள் நாங்கள். ஐயரம்மா மெதுவாகச் சொன்னார்கள்: "எத்தனை பேருக்கு நீங்க செஞ்சிருக்கீங்க. இன்னைக்கு ஒருநாள் வாங்கிக்கோங்க."

அந்த நேரத்தில் ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. நம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்ட கூலித் தொழிலாளி ஒருவர், தம் பில்லில் பெரும்பகுதியை ஏழை நோயாளர் நிதி கட்டியது என்று தெரிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?" என்று அவரைக் கேட்டோம், ஜெபமும் பண்ணிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனோம். கொடுக்கிற இடத்தில் நின்றுகொண்டு அப்படிக் கேட்பது சுலபம். பேசினில் கால் வைத்த அன்றுதான் அந்த வெட்கம் எங்களுக்குப் புரிந்தது.

ஊர் திரும்பினபின் அவர் மறுபரிசோதனைக்கு வந்தார். அன்று அவசரப்பட்டுப் பேசினதற்கு மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல ஐயா" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்து நீட்டினார். முன்னே என்றால், பிள்ளைகளுக்குக் கொண்டுபோங்கள் என்று திருப்பிக் கொடுத்திருப்போம். இந்தத் தடவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டோம்.

பிரியமானவர்களே, ஆஸ்பத்திரி என்பது கட்டடம் மாத்திரமல்ல. அந்தச் சிற்றூரிலே ஒன்பது நூற்றாண்டாகக் கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள் உங்களைப் போன்ற சாதாரண சபை ஜனங்களே. நீங்கள் அனுப்பும் காணிக்கை, பெறுகிறவர் தலைகுனியாதபடி அவர் கையில் போய்ச் சேரவேண்டும்; அந்தப் பொறுப்பு எங்களுடையது. அதற்காக எங்களுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.